பூட்டைத் திறக்காமல் போடும் கணக்கு: ஹோமோமார்பிக் குறியாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ஓசூரிலும் பெங்களூருவிலும் மென்பொருள் வேலைக்குப் போன பழைய மாணவர்கள், தர்மபுரியில் பரிசோதனைக் கூடம் நடத்தும் பெரியவர் ஒருவர், வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளக்கும் பெண்கள் என்று பலரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. வாட்ஸ்அப்பில்கூடத்தான் எல்லாம் பூட்டித்தான் போகிறது என்கிறார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது சார்?

வழக்கமான குறியாக்கம் தகவலை இரண்டு நிலைகளில் காக்கிறது: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போதும், வட்டில் உறங்கும்போதும். ஆனால் அந்தத் தகவலை வைத்து ஒரு கூட்டல் போட வேண்டும் என்றால்கூட, முதலில் அதைத் திறந்தாக வேண்டும். வெளியூர் சர்வர் ஒன்று உங்கள் இரத்தப் பரிசோதனை எண்களை ஆராய வேண்டுமானால், அந்தச் சர்வரின் நினைவகத்தில் ஒரு கணமாவது அந்த எண்கள் வெளிப்படையாகக் கிடக்கும்.

அந்த மூன்றாவது நிலையையும், அதாவது கணக்குப் போடும் நேரத்தையும் காப்பதுதான் ஹோமோமார்பிக் குறியாக்கம். சர்வர் பூட்டிய எண்களை வாங்கி, பூட்டியபடியே கணக்கிட்டு, பூட்டிய விடையைத் திருப்பி அனுப்பும். என்ன கணக்குப் போட்டோம் என்பது, அதாவது கூட்டினோமா பெருக்கினோமா என்பது, அதற்குத் தெரியும். எந்த எண்களைக் கணக்கிட்டோம் என்பதும் என்ன விடை வந்தது என்பதும் தெரியாது.

2. பூட்டிய பெட்டிக்குள் எப்படிக் கணக்குப் போட முடியும்? நம்பவே முடியவில்லையே.

இதைச் சாத்தியமாக்கிய கிரெய்க் ஜென்ட்ரி ஒரு நகைக்கடையைக் கொண்டு இதை விளக்கினார். தங்கத்தை ஆசாரிகள் எடுத்துவிடுவார்களோ என்று கடைக்காரருக்கு அச்சம். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கத்தை வைத்துப் பூட்டி, பெட்டியின் பக்கவாட்டில் கையுறைகளைப் பொருத்திக் கொடுக்கிறார். ஆசாரி கையுறைக்குள் கைவிட்டு உள்ளேயே நகையைச் செய்து முடிக்கலாம். வெளியே எடுக்க முடியாது. சாவி கடைக்காரரிடம் இருக்கிறது. உவமையில் ஒரே குறை, ஆசாரிக்குத் தங்கம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் கணக்கில் அதுவும் தெரியாது.

3. உவமை வேண்டாம் சார், எண்ணை வைத்துக் காட்டுங்கள்.

இதைக் கேட்ட மாணவருக்குக் கரும்பலகையில் காட்டியதையே இங்கும் தருகிறேன். 2010-இல் வான் டைக், ஜென்ட்ரி, ஹலேவி, வைகுந்தநாதன் ஆகிய நால்வர் முழு எண்களை மட்டுமே கொண்டு அமைத்த முறையின் மிகச் சிறிய வடிவம் இது. ரகசியச் சாவி ஓர் ஒற்றைப்படை எண். 101 என்று வைத்துக்கொள்வோம். மறைக்க வேண்டியது 'உண்டு' என்றால் 1, 'இல்லை' என்றால் 0. பூட்டுவதற்கு, 101-இன் ஏதாவது ஒரு மடங்கை எடுத்து, அதோடு ஒரு சிறிய இரட்டைப்படை எண்ணைக் கூட்டி, கடைசியில் 1 அல்லது 0-ஐக் கூட்ட வேண்டும்.

ஒருவருக்குச் சர்க்கரை உண்டு: 707 + 4 + 1 = 712. அவருக்கே இரத்த அழுத்தமும் உண்டு: 505 + 6 + 1 = 512. சர்வருக்குப் போவது 712, 512 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. 'இரண்டு நோயும் சேர்ந்து இருக்கிறதா' என்ற கேள்விக்குப் பெருக்கல் விடை சொல்லும், ஏனெனில் இரண்டும் 1 ஆக இருந்தால் மட்டுமே பெருக்கல் 1 ஆகும். சர்வர் பெருக்குகிறது: 712 × 512 = 3,64,544. சாவி வைத்திருப்பவர் இதை 101-ஆல் வகுத்தால் மீதி 35. அது ஒற்றைப்படை, ஆகவே விடை 1, அதாவது உண்டு. கூட்டிப் பார்த்தால் 1,224 வரும். அதை 101-ஆல் வகுத்த மீதி 12, இரட்டைப்படை, ஆகவே 0. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பூட்டி வைத்த இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று வேறுபடவில்லை என்பதை அது காட்டுகிறது. கூட்டலும் பெருக்கலும் செய்ய முடிந்தால், கணினி செய்யும் எந்தக் கணக்கையும் அவற்றைக் கொண்டே கட்டிவிடலாம்.

நடுவில் சேர்த்த 4, 6 என்ற சிறிய எண்களைத்தான் இத்துறையில் இரைச்சல் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வெறும் 707, 505 என்று அனுப்பினால், பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடித்தே எவரும் 101 என்ற சாவியை எடுத்துவிடுவார். பாதுகாப்பு முழுவதும் அந்த இரைச்சலில்தான் இருக்கிறது. உண்மையான பயன்பாட்டில் சாவி மூன்று இலக்க எண்ணாக இருக்காது. மிக மிகப் பெரிய எண்ணாக இருக்கும்.

4. இன்னொரு தடவை பெருக்கினால் தப்பான விடை வருகிறதே?

வரும். அந்த மாணவர் உடனே செய்து பார்த்துக் கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அதே நபருக்குச் சிறுநீரகக் கோளாறும் உண்டு என்று 303 + 4 + 1 = 308-ஐச் சேர்த்துப் பெருக்குங்கள்: 3,64,544 × 308 = 11,22,79,552. இதை 101-ஆல் வகுத்தால் மீதி 74, இரட்டைப்படை; அதாவது 'இல்லை' என்கிறது. மூன்றும் உண்டு என்பதால் வர வேண்டிய விடை 1. முதல் பெருக்கலில் 5 × 7 = 35 ஆக இருந்த மீதி, அடுத்ததில் 35 × 5 = 175 ஆகி, 101 என்ற கரையைத் தாண்டி வழிந்துவிட்டது.

ஒவ்வொரு பெருக்கலிலும் வளரும் இந்த இரைச்சல்தான் இத்துறையை 30 ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது. ஜென்ட்ரி 2009-இல் கண்ட வழிக்குப் பூட்ஸ்ட்ராப்பிங் என்று பெயர். இரைச்சல் ஏறிய எண்ணைத் திறந்து மறுபடி பூட்டினால் இரைச்சல் புதிதாகிவிடும். ஆனால் திறக்கச் சர்வரிடம் சாவி இல்லை. அதனால் சாவியையே இன்னொரு பூட்டில் பூட்டிச் சர்வரிடம் கொடுத்துவிட்டு, 'திறத்தல்' என்ற கணக்கையே பூட்டுக்குள் செய்ய வைத்தார். நகைக்கடை உவமையில் சொன்னால், கையுறை விறைத்துப்போகும் நேரத்தில், அந்தப் பெட்டியையே அதன் சாவியோடு புதிய பெட்டிக்குள் தள்ளி, புதிய கையுறையால் பழைய பெட்டியைத் திறந்து வேலையைத் தொடர்வது. நான் இதை முதன்முறை புரிந்துகொண்ட இரவில் தூங்கவில்லை.

5. இதில் யார் யார் வேலை செய்கிறார்கள்? நம் பக்கத்து ஆட்கள் யாராவது உண்டா?

பூட்டியபடியே கணக்கிட முடியுமா என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் ரிவெஸ்ட், ஆடில்மன், டெர்டூசோஸ் ஆகியோர், ஆண்டு 1978. 1999-இல் பாஸ்கல் பையே கூட்டலை மட்டும் செய்யக்கூடிய முறையைத் தந்தார். 2005-இல் போனே, கோ, நிசிம் மூவரும் எத்தனை கூட்டலும் ஒரே ஒரு பெருக்கலும் செய்யக்கூடியதை அமைத்தார்கள். முழுமையானது 2009-இல், ஸ்டான்ஃபோர்டில் டான் போனேயின் மாணவராக இருந்த ஜென்ட்ரியிடமிருந்து வந்தது.

அதைப் பயன்பாட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்விகா பிராக்கெர்ஸ்கி, இன்னொருவர் வினோத் வைகுந்தநாதன். இவர்கள் இருவரும் ஜென்ட்ரியும் 2022-இல், கோட்பாட்டுக் கணினியியல் ஆய்வுக்குத் தரப்படும் கோடெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வைகுந்தநாதன் சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலைப் பட்டம் பெற்று, இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்து ஏறிச் சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

6. செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் பற்களில் கறை படிவது நமக்குப் பழகிய காட்சி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஒரு பல் மருத்துவர் எடுத்த படத்தை, வெளியூரிலுள்ள நரம்பு வலையமைப்பு ஒன்று பார்த்துக் கறையின் கடுமையைச் சொல்லலாம். ஆனால் பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீட்டில், அந்தப் படம் எந்தச் சர்வரிலும் தங்கக் கூடாது என்று தாய் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. படத்தைப் பூட்டி அனுப்பி, பூட்டியபடியே ஆராயச் செய்தால் இரண்டும் நடக்கும்.

2016-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் கிரிப்டோநெட்ஸ் என்ற பெயரில் இதைக் கையெழுத்து எண்களை அடையாளம் காண்பதில் செய்து காட்டினர். துல்லியம் 99 விழுக்காடு. நரம்பு வலையமைப்பில் வழக்கமாக வரும் 'பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியமாக்கு' என்ற படி, மூன்றாம் பதிலில்போல 0, 1 ஆகப் பிரிக்காமல் எண்களை முழுதாகவே வைத்துக் கணக்கிடும்போது, கூட்டல் பெருக்கலால் மட்டும் அமையாது. அதனால் அந்த இடத்தில் எண்ணைத் தன்னோடு தானே பெருக்கும் வர்க்கத்தை வைத்தார்கள். அடுத்த ஆண்டு தென் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சி.கே.கே.எஸ். முறை தசம எண்களைத் தோராயமாகக் கையாள்வதால், இன்று இத்துறையில் பெரிதும் அதையே எடுக்கிறார்கள்.

7. பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டால் போதாதா? இவ்வளவு சிரமம் எதற்கு?

போதாது. அமெரிக்காவில் லத்தானியா ஸ்வீனி, அஞ்சல் பகுதி எண், பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றை வைத்தே அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். நம் ஊரில் இன்னும் எளிது. பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூரின் பெயர், பெண், வயது 34, மூட்டு விறைப்பு என்று சொன்னால், தேநீர்க் கடையில் இருப்பவர் யாரென்று சொல்லிவிடுவார்.

8. ரொம்ப மெதுவாக ஓடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. பொதுவாகப் பயன்படும் 128 பிட் பாதுகாப்பு அளவில், நடுத்தரமான அமைப்பு ஒன்றில் பூட்டிய ஒரு பொதி ஏறக்குறைய 4.5 லட்சம் பைட் வரும். ஒரே ஓர் எண்ணை அதில் வைத்தால் அது பெரும் வீண். ஆனால் அதே பொதிக்குள் ஆயிரக்கணக்கான எண்களை அடுக்கி, ஒரே பெருக்கலில் அத்தனையையும் பெருக்கலாம். ஆறாவது பதிலில் சொன்ன கிரிப்டோநெட்ஸ் ஒரு முறை ஓட 250 வினாடி எடுத்துக்கொண்டது. அந்த ஓட்டத்தில் 4,096 படங்கள் முடிந்தன.

ஆகவே, கேட்டவுடன் பேசும் பெரிய மொழி மாதிரியை முழுவதும் இப்படி ஓட்டுவது இன்று நடைமுறைக்கு ஒத்துவராது. இரவில் போட்டுக் காலையில் விடை பார்க்கக்கூடிய கணக்குகளுக்கு ஒத்துவரும்.

9. அப்படியானால் யாராவது உண்மையில் பயன்படுத்துகிறார்களா?

ஆம். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி, உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க 2021 முதல் இதைப் பயன்படுத்துகிறது. ஆப்பிள் 2024-இல் ஐ.ஓ.எஸ். 18-இல், படத்திலுள்ள புகழ்பெற்ற இடம் எது என்று தேடுவதற்கும், அழைப்பவர் யார் என்று பார்ப்பதற்கும் இதைக் கொண்டுவந்தது. படத் தேடல் வசதியைப் பயனரிடம் கேட்காமலே இயக்கத்தில் வைத்தார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. அந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், என் பெட்டியை எடுத்துப் போகும் முன் என்னிடம் கேட்க வேண்டும்.

10. தகவலை அனுப்பாமலே மாதிரியைப் பயிற்றுவிக்கலாம் என்று படித்தேன். அது இதைவிட நல்லதில்லையா?

அது ஃபெடரேட்டட் லேர்னிங் எனப்படும் கூட்டுக் கற்றல். தர்மபுரி மருத்துவமனையின் பதிவுகள் தர்மபுரியிலும், கிருஷ்ணகிரியின் பதிவுகள் கிருஷ்ணகிரியிலும் இருக்க, மாதிரி மட்டும் இரண்டு இடத்திலும் படித்துவிட்டுத் தன் திருத்தங்களைப் பொது இடத்துக்கு அனுப்பும். நல்ல முறைதான். ஆனால் அந்தத் திருத்தங்களிலிருந்தே மூலப் படங்களை மீட்டெடுக்க முடியும் என்று 2019-இல் நிரூபித்துவிட்டார்கள். அதனால் திருத்தங்களைப் பூட்டி அனுப்பி, பூட்டியபடியே கூட்டுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று போட்டி இல்லை, துணை.

11. எல்லாம் சரி தம்பி, சாவி யாரிடம் இருக்கும்?

பரிசோதனைக் கூடம் நடத்தும் பெரியவர் கேட்ட கேள்வி இது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் பெண் ஒருவருக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். முடிவுத் தாள் அவள் கைக்கு வருவதற்கு முன்பே, மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. ஆறு மாத மருந்தில் முழுவதும் குணமாகும் நோய். ஆனாலும் திருமணம் நின்றது. அந்தச் செய்தியைச் சொன்னது எந்தச் சர்வரும் அல்ல, தாளைப் பார்க்க உரிமை பெற்றிருந்த ஒரு மனிதர். ஹோமோமார்பிக் குறியாக்கம் அன்றைக்கு இருந்திருந்தாலும் அவளைக் காத்திருக்காது. கணக்கிடுபவரிடமிருந்து மட்டுமே அது காக்கும். சாவி வைத்திருப்பவரிடமிருந்து காக்காது.

பல மருத்துவமனைகள் சேர்ந்து கணக்கிடும்போது, சாவியைத் துண்டுகளாக்கி ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சேர்ந்தால்தான் திறக்கும்படி செய்யலாம். அதன் வேர், ஆதி ஷமீர் 1979-இல் தந்த ரகசியப் பகிர்வு. எவர் உங்களிடம் இந்தத் தொழில்நுட்பத்தை விற்க வந்தாலும், மற்ற எதையும் கேட்கும் முன் 'சாவி எத்தனை பேரிடம், யார் யாரிடம்' என்று கேளுங்கள்.

12. திறந்த விடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட முடியாதா?

முடியும். ஒரு தெருவில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று நேற்று கேட்டால் 12, ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்த பின் இன்று கேட்டால் 13. கணக்கு முழுவதும் பூட்டுக்குள் நடந்திருந்தாலும் அந்தக் குடும்பத்தின் ரகசியம் போய்விட்டது. இதற்கு மருந்து வேறு: விடையில் அளந்து கொஞ்சம் மாற்றத்தைக் கலந்து வெளியிடும் டிஃபரன்ஷியல் பிரைவசி. சிந்தியா ட்வொர்க்கும் உடனிருந்த மூவரும் 2006-இல் வகுத்தது. குறியாக்கம் வழியைக் காக்கிறது, இது விடையைக் காக்கிறது.

சி.கே.கே.எஸ். முறையில் இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. அது தோராயமான விடை தருவதால், திறந்த விடையின் கடைசி இலக்கங்களில் மூன்றாம் பதிலில் சொன்ன இரைச்சல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே பிறரிடம் பகிர்ந்தால் அதிலிருந்து சாவியையே மீட்கலாம் என்று லீயும் மிச்சியான்சியோவும் 2021-இல் காட்டினர். விடையைப் பகிரும் முன் கூடுதல் இரைச்சல் சேர்த்து அதை மூட வேண்டும்.

13. சர்வர் வேண்டுமென்றே தப்பாகக் கணக்குப் போட்டால்?

இந்தப் பூட்டு அதைத் தடுக்காது. பூட்டிய எண்ணைத் திறக்காமல் மாற்ற முடிவதுதான் இதன் சிறப்பு. அந்தச் சிறப்பே கெட்ட எண்ணம் உள்ளவருக்கும் கைகொடுக்கும். சொன்ன கணக்கைத்தான் செய்தேன் என்று சர்வர் சான்று தரும் முறைகள் தனியாக இருக்கின்றன. அவை செலவை இன்னும் கூட்டும்.

14. குவாண்டம் கணினி வந்தால் இதுவும் உடையுமா?

இன்றைய முறைகளில் பெரும்பாலானவை, ஓடெட் ரெகெவ் 2005-இல் முன்வைத்த, பிழையோடு கூடிய சமன்பாடுகளைத் தீர்க்கும் கடினமான கணக்கின் மேல் நிற்கின்றன. அதைக் குவாண்டம் கணினி எளிதில் தீர்க்கும் வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அமெரிக்கத் தர நிறுவனம் 2024-இல் வெளியிட்ட குவாண்டம் காலக் குறியாக்கத் தரங்கள் மூன்றில் இரண்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்தாம் பதிலில் சொன்ன பையே முறையும், போனே, கோ, நிசிம் மூவரின் முறையும் உடையும்.

15. பூட்டித்தான் வைத்திருக்கிறோம் என்றால் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாதா?

பொருந்தும் என்பதே என் புரிதல். சாவி உங்களிடம் இருக்கும்வரை அது உங்கள் கையிலுள்ள தனிநபர் தகவல்தான். டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பூட்டு அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாகலாம். மக்களிடம் பெற வேண்டிய ஒப்புதலுக்கு அது ஈடாகாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டிய பாட்டிக்கு, அந்த எண் எங்கே போகிறது என்று அவர் மொழியில் சொல்வது எந்தப் பூட்டாலும் ஆகாத வேலை.

16. நான் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். இதில் எப்படி நுழைவது சார்?

எண் கோட்பாடு, நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றையும் ஆழமாகப் படியுங்கள். நிரல் எழுதப் பிறகு கற்றுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் சீல், ஓப்பன்எஃப்.ஹெச்.இ. ஆகிய நூலகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜாமா நிறுவனத்தின் கான்கிரீட் இருக்கிறது. வீட்டில் கணினி இல்லாவிட்டாலும் காகிதத்தில் தொடங்கலாம். மூன்றாம் பதிலில் 101 இருந்த இடத்தில் 10,007-ஐ வையுங்கள். ஒவ்வொரு முறையும் 4 என்ற இரைச்சலோடு 1-ஐப் பூட்டி, பூட்டிய எண்களைத் தொடர்ந்து பெருக்குங்கள். ஐந்து எண்கள் வரை விடை சரியாக வரும், ஆறாவதில் தவறும். ஏன் ஆறாவதில் என்று கண்டுபிடித்ததும், எட்டு எண்களைத் தாங்க எவ்வளவு பெரிய சாவி வேண்டும் என்று கணக்கிட்டு எடுத்து வாருங்கள்.